காட்னிஸ் ஜெயித்தாளா?

ப்ளஸ் ஒன் படிக்கும் என் அக்கா மகள் கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். கையில் ஒரு தடித்த புத்தகம். சாப்பிடும்போதுகூடத் தட்டுக்குப் பக்கத்தில் அதைத் திறந்தே வைத்திருந்தாள். நான்காம் நாள் மத்தியானம் அதை மூடிவிட்டு ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தவளுக்கு முகமே சரியில்லை. "என்னடி ஆச்சு?" என்றேன்.

"முடிஞ்சிடுச்சு சித்தி. ஆனா ஒண்ணு புரியலை. கடைசியில காட்னிஸ் ஜெயிச்சாளா, தோத்தாளா?"

அவள் படித்தது 'மாக்கிங்ஜே'. அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையில் மூன்றாவது புத்தகம். காட்னிஸ் எவர்டீன் என்ற பெண்ணின் கதை அதோடு முடிகிறது. 2010 ஆகஸ்ட் 24 அன்று அது வெளியானபோது முதல் அச்சே 12 லட்சம் பிரதிகள். முதல் வாரத்திலேயே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தன. முதல் இரண்டு புத்தகங்களைப் படித்துவிட்டுக் காத்திருந்த பிள்ளைகள் அதற்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். காட்னிஸ் பீட்டாவோடு சேர வேண்டும் என்று ஒரு கட்சி, கேலோடு சேர வேண்டும் என்று இன்னொரு கட்சி. யாரோடு சேர்வாள் என்று தெரிந்துகொள்ளத்தான் பலரும் கடைசிப் புத்தகத்தைத் திறந்தார்கள். மூடும்போது அவர்களில் பலருக்கு என் அக்கா மகளுக்கு வந்த அதே கலக்கம் வந்தது. சிலருக்குக் கோபமே வந்தது.

அந்தக் கலக்கத்தை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. இளம் வயதினருக்காக எழுதப்பட்ட காதல் கதைகளில், போரைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய கடைசிப் புத்தகம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கதையின் முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இனிமேல்தான் படிக்கப்போகிறேன் என்பவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு வந்து இதைப் படியுங்கள்.

ரொட்டி என்று ஒரு நாடு

கதை நடக்கும் நாட்டின் பெயர் பனெம். வட அமெரிக்கா அழிந்துபோன பிறகு அதன் இடிபாடுகளின் மேல் எழுந்த நாடு. நடுவில் கேப்பிட்டல் என்ற செல்வத் தலைநகரம். அதற்கு உழைத்துக் கொட்டுவதற்கென்றே சுற்றிலும் பன்னிரண்டு மாவட்டங்கள். பல்லாண்டுகளுக்கு முன்பு மாவட்டங்கள் கிளர்ச்சி செய்து தோற்றன. அதற்குத் தண்டனையாக, ஒவ்வொரு மாவட்டமும் வருஷா வருஷம் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் குலுக்கல் முறையில் தேர்ந்து அனுப்ப வேண்டும். இருபத்து நான்கு பிள்ளைகளும் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். கடைசியில் ஒருவர்தான் மிஞ்சலாம். இதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தாக வேண்டும்.

பன்னிரண்டாம் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள் காட்னிஸ். குலுக்கலில் பன்னிரண்டு வயதுத் தங்கை ப்ரிம்மின் பெயர் வந்ததும், தங்கைக்குப் பதிலாகத் தானே போகிறாள். உடன் போகும் பையன் ரொட்டிக் கடைக்காரரின் மகன் பீட்டா. அப்பா சுரங்க வெடிப்பில் இறந்த பிறகு பட்டினியால் துவண்டு மழையில் கிடந்த சிறுமி காட்னிஸுக்காக, வேண்டுமென்றே ரொட்டியைக் கருகவிட்டு, அதற்காக அம்மாவிடம் அடியும் வாங்கிக்கொண்டு, அவளை நோக்கி அதை எறிந்தவன் அவன். இந்தக் காதல் கதை அந்தக் கருகிய ரொட்டியில்தான் தொடங்குகிறது.

பனெம் என்ற பெயரின் பொருள் கடைசிப் புத்தகத்தில்தான் விளக்கப்படுகிறது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ரொட்டி என்று பொருள். வயிற்றுக்கு ரொட்டியும் கண்ணுக்குக் கேளிக்கையும் கிடைத்தால் போதும் என்று மக்கள் தங்கள் அதிகாரத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ரோமானியக் கவிஞர் ஜுவெனல் கண்டித்த அதே ரொட்டிதான். ஒரு பையன் அடி வாங்கிக்கொண்டு கொடுத்த ரொட்டி ஒருபுறம், ஓர் அரசு மக்களின் வாயை அடைக்கப் போட்ட ரொட்டி மறுபுறம். இரண்டுக்கும் நடுவில்தான் மூன்று புத்தகங்களும் நகர்கின்றன.

பூத்துக் குலுங்கிய வயல்

சூசன் காலின்ஸ் 1962-இல் பிறந்தவர். அப்பா அமெரிக்க விமானப் படை அதிகாரி. ராணுவ வரலாறு படித்தவர், அதைக் கற்பித்தவர். 1968-இல் அவர் வியட்நாம் போருக்குப் போனபோது மகளுக்கு ஆறு வயது. வீட்டில் கார்ட்டூன் முடிந்ததும் தொலைக்காட்சியில் போர்க்களக் காட்சி வரும். அந்த இடத்தில்தான் அப்பா இருக்கிறார் என்று அந்தச் சிறுமிக்குத் தெரியும். அவர் உயிரோடு திரும்பிவிட்டார். ஆனால் தூக்கத்தில் அலறிக்கொண்டு எழும் வழக்கமும் அவரோடு வந்தது. அந்த ஆண்டை ஒரு குழந்தையின் கண் வழியே சொல்லும் படப் புத்தகம் ஒன்றையும் காலின்ஸ் 2013-இல் வெளியிட்டார்.

பிறகு குடும்பம் சில காலம் பெல்ஜியத்தில் வசித்தது. பிள்ளைகளைப் பழைய போர்க்களங்களுக்கு அழைத்துப்போய்க் காட்டுவது அப்பாவின் வழக்கம். ஒருமுறை அவர்கள் நின்ற இடத்தில் கண்ணுக்கு எட்டிய வரை பாப்பிப் பூக்கள் பூத்திருந்தன. சிறுமிக்கு அது கதைப் புத்தகத்தில் வரும் மாயப் பூவனமாகத் தெரிந்திருக்கிறது. அப்போது அப்பா, முதலாம் உலகப் போரில் பணியாற்றிய கனடா நாட்டு ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே எழுதிய கவிதையைச் சொன்னார். போரில் மடிந்தவர்கள் பாப்பிப் பூக்களுக்கு அடியில் கிடந்து பேசுவதாக அமைந்த கவிதை அது. தான் நிற்கும் பூ வயல் ஒரு மயானமாகவும் இருக்கலாம் என்று அந்தக் கணத்தில் அவளுக்குப் பட்டது. பின்னாளில் பேட்டிகளில் இதைக் காலின்ஸே நினைவுகூர்ந்திருக்கிறார்.

குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களில் பல ஆண்டுகள் எழுதிப் பழகியவர் காலின்ஸ். ஓர் இரவு சானல்களை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றில் இளைஞர்கள் பரிசுக்காகப் போட்டியிடும் நிகழ்ச்சி, அடுத்ததில் இராக் போர். இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிப்போன அந்த நிமிஷத்தில்தான் ஹங்கர் கேம்ஸ் பிறந்தது. ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞர்களையும் ஏழு பெண்களையும் கிரீட் தீவின் காளைத்தலை அரக்கனுக்கு இரையாக அனுப்பிய கிரேக்கப் புராணம் அதற்கு எலும்புக்கூடானது. முதல் புத்தகம் 2008-இல் வந்தது, இரண்டாவது 2009-இல். ஒவ்வொரு புத்தகமும் மூன்று பகுதி, பகுதிக்கு ஒன்பது அத்தியாயம், ஆக இருபத்தேழு. மூன்று புத்தகங்களுக்கும் இதுதான் கணக்கு.

நேரம் அச்சிட்ட கை

காட்னிஸும் பீட்டாவும் உயிர் தப்பிவரும் முதல் இரண்டு புத்தகங்களில் எதிரி யார் என்பதில் குழப்பமே இல்லை: கேப்பிட்டல், அதன் அதிபர் ஸ்னோ. மூன்றாவது புத்தகம் சாம்பலில் தொடங்குகிறது. காட்னிஸின் மாவட்டம் குண்டு வீசி அழிக்கப்பட்டுவிட்டது. பத்தில் ஒன்பது பேர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்களுக்கு அடைக்கலம் தந்தது, அழிந்துவிட்டதாக எல்லோரும் நம்பியிருந்த பதின்மூன்றாம் மாவட்டம். அது பூமிக்கு அடியில் ரகசியமாக உயிர் வாழ்கிறது. அணு ஆயுதமும் வைத்திருக்கிறது. அதன் தலைவி காயின்.

இங்கே காலின்ஸ் ஒரு சின்ன விவரத்தை வைக்கிறார். பதின்மூன்றாம் மாவட்டத்தில் காலையில் எழுந்ததும் சுவரில் உள்ள ஒரு கருவிக்குள் கையை நீட்ட வேண்டும். எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்கு வேலை, எத்தனை மணிக்குக் குளியல் என்று அன்றைய நாள் முழுவதும் ஊதா மையில் முன்கையில் அச்சாகிவிடும். இரவுக் குளியல் வரை அது அழியாது. சாப்பாடு அளந்துதான் கிடைக்கும். கேப்பிட்டலில் காட்னிஸுக்கு அலங்காரம் செய்த மூன்று பேரை இங்கே சங்கிலியில் கட்டிவைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்த குற்றம், அளவுக்கு மேல் ரொட்டி எடுத்தது. விடுதலை தர வந்த இடத்திலும் ரொட்டிக்குத் தண்டனை என்பதைப் பார்த்ததும் காட்னிஸ் விழித்துக்கொள்கிறாள். வாசகரும் அங்கேதான் விழிக்க வேண்டும்.

புரட்சிக்கு ஒரு முகம் வேண்டும், அதனால் காட்னிஸைப் பிரச்சாரப் படங்களில் நடிக்க வைக்கிறார்கள். ஸ்டுடியோவில் புகை போட்டு, வசனம் எழுதிக் கொடுத்து எடுத்த முதல் படம் யாரையும் அசைக்கவில்லை. பிறகு எட்டாம் மாவட்டத்தில் காயம்பட்டவர்கள் நிறைந்த மருத்துவமனையை அவள் கண்ணெதிரே கேப்பிட்டல் குண்டு வீசித் தகர்க்கிறது. அப்போது கேமராவைப் பார்த்து அவள் கொதித்துப் பேசியது நாட்டையே உலுக்குகிறது. உண்மையான கோபம்தான். அதையும் வெட்டி, ஒட்டி, இசை சேர்த்துத்தான் ஒளிபரப்புகிறார்கள். ஒரு பக்கத்தின் பொம்மையாக இருந்தவள் இன்னொரு பக்கத்தின் பொம்மையாகிக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கே மெல்ல மெல்லப் புரிகிறது.

இரண்டு காதல், இரண்டு வழி

கேல் காட்னிஸின் பால்ய நண்பன். வேட்டைக்கு அவளோடு காட்டில் அலைந்தவன். அவன் அப்பாவும் அவள் அப்பாவும் ஒரே சுரங்க வெடிப்பில் ஒரே நாளில் இறந்தவர்கள். இந்தப் புத்தகத்தில் அவன் போராளியாகிறான். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டாம் மாவட்டத்தில் எதிரியின் மலைக் கோட்டையைப் பிடிக்க அவன் சொல்லும் யோசனை, பாறைச் சரிவை உண்டாக்கி உள்ளே இருப்பவர்களை அப்படியே புதைத்துவிடுவது. பூமிக்குள் மாட்டிக்கொண்டு சாவது எப்படியிருக்கும் என்று அவன் குடும்பத்துக்குத் தெரியும், காட்னிஸின் குடும்பத்துக்கும் தெரியும். அந்த இடத்தில் காட்னிஸுக்கும் அவனுக்கும் இடையில் விழும் விரிசலைக் காதல் பிரச்சினை என்று சொல்லி ஒதுக்க முடியாது.

இன்னொரு யோசனையும் அவன் தருகிறான். முதலில் ஒரு குண்டு. காயம்பட்டவர்களைத் தூக்க ஆட்கள் ஓடி வந்ததும் இரண்டாவது குண்டு. மனிதனின் இரக்கத்தையே பொறியாக்கும் திட்டம் அது.

பீட்டா கேப்பிட்டலிடம் மாட்டிக்கொள்கிறான். அங்கே குளவி விஷத்தைச் செலுத்தி அவன் நினைவுகளையே திரித்துவிடுகிறார்கள். மீட்டு வந்த அன்று காட்னிஸ் ஆசையோடு ஓடிப்போகிறாள்; அவன் அவள் கழுத்தை நெரிக்கிறான். மூன்று புத்தகமாகக் கட்டிய காதலை ஒரே காட்சியில் இப்படி உடைத்துப்போட ஓர் எழுத்தாளருக்குத் தைரியம் வேண்டும். பீட்டா தேறி வருவதற்கான முதல் அடையாளம் ஒரு கல்யாண கேக். நண்பன் ஃபின்னிக்கின் திருமணத்துக்கு அவன் கிரீமால் அலையும் பூவும் வரைகிறான். கைகளுக்குப் பழைய வேலை மறக்கவில்லை.

அதன்பின் வரும் விளையாட்டுதான் இந்தப் புத்தகத்தின் உயிர் என்பேன். எந்த நினைவு நிஜம், எது புகுத்தப்பட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்கிறான், இது நிஜமா பொய்யா என்று. அவர்கள் பதில் சொல்கிறார்கள். உனக்குப் பிடித்த நிறம் இது. நீ டீயில் சர்க்கரை போடமாட்டாய். ஷூ நாடாவை இரண்டு முடிச்சாகத்தான் போடுவாய். போர்க்களத்தின் நடுவில் ஒரு மனிதனை நூல் நூலாகத் திரும்பக் கட்டுகிறார்கள். பொய்ச் செய்தி ஒரு ஆயுதம் என்று எத்தனையோ கட்டுரைகள் சொல்லியிருக்கின்றன. அந்த ஆயுதம் பட்ட காயம் எப்படி ஆறும் என்று காட்டியது இந்தக் காதல் கதை.

ஒரு ஓட்டு, ஒரு அம்பு

கேப்பிட்டல் வீழும் நேரம். அதிபர் மாளிகைக்கு வெளியே கேப்பிட்டலின் குழந்தைகளை மனிதக் கேடயமாக நிறுத்தியிருக்கிறார்கள். வானத்திலிருந்து சின்னச் சின்னப் பாராசூட்டுகள் இறங்குகின்றன. பரிசென்று நினைத்துக் குழந்தைகள் கை நீட்ட, அவை வெடிக்கின்றன. உதவ ஓடிவரும் புரட்சிப் படையின் மருத்துவக் குழுவில் ப்ரிம் இருக்கிறாள். இன்னும் பதினாலு வயதுகூட நிறையவில்லை. அடுத்த வெடிப்பில் அவள் போய்விடுகிறாள். அவளைக் காப்பாற்றத்தான் காட்னிஸ் முதல் புத்தகத்தில் கை தூக்கினாள்.

அந்தக் குண்டு கேலின் யோசனையிலிருந்து வந்ததா? காட்னிஸ் கேட்கிறாள். தனக்குத் தெரியாது என்கிறான் அவன். பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருக்கலாம். அவன் பதில் உண்மையாக இருந்ததால்தான் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. இரண்டு பையன்களில் யார் என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைத்துவிடுகிறது. அநியாயத்தை எதிர்க்க நானும் அநியாயம் செய்யலாமா என்ற கேள்விக்குக் காட்னிஸ் தரும் பதிலும் அதுவேதான்.

போர் முடிந்ததும் காயின் ஒரு யோசனை வைக்கிறாள். மாவட்டங்களின் பழி தீர, கேப்பிட்டலின் குழந்தைகளை வைத்துக் கடைசியாக ஒருமுறை அதே விளையாட்டை நடத்தலாம். உயிரோடு எஞ்சிய ஏழு வெற்றியாளர்களும் ஓட்டுப் போட வேண்டும். பீட்டா கொதித்து எழுந்து கூடாது என்கிறான். காட்னிஸ் ப்ரிம்மின் பெயரைச் சொல்லிச் சம்மதிக்கிறாள். நான்குக்கு மூன்று. முதன்முறை படித்தபோது நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு அடுத்த சில பக்கங்களில் விடை வருகிறது. ஸ்னோவைக் கொல்ல அவளை நிறுத்தி வில்லைக் கொடுக்கிறார்கள். அவள் அம்பை மேலே திருப்புகிறாள். மாடத்திலிருந்து காயின் விழுகிறாள்.

கொடுங்கோலன் வீழ்ந்த பிறகு அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்காவிட்டால் புரட்சி பாதிதான் முடிந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு நாவல் இதைச் சொல்லிவிட்டது.

மூன்று விரல்

புத்தகத்தில் இடக்கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்து எடுத்து உயர்த்துவது பன்னிரண்டாம் மாவட்டத்தின் பழைய சடங்கு. இறந்தவர்களுக்கு நன்றியும் விடையும் சொல்லும் சைகை. அது புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. தாய்லாந்தில் 2014 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மக்கள் தெருவில் மூன்று விரல் காட்டினார்கள். காட்டியவர்களைக் கைது செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கோன் கேன் நகரில் ராணுவ ஆட்சித் தலைவர் மேடையில் பேசும்போதே ஐந்து மாணவர்கள் எதிரே நின்று விரலை உயர்த்தினார்கள். அதே வாரம் 'மாக்கிங்ஜே' படத்தின் முதல் பகுதி அங்கே திரைக்கு வர, பாங்காக்கில் சில திரையரங்குகள் காட்சிகளை ரத்து செய்தன. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பறித்தபோது, ஐ.நா. பொதுச் சபையில் அந்நாட்டுத் தூதர் க்யாவ் மோ துன் பேசி முடித்துவிட்டு அதே மூன்று விரல்களை உயர்த்தினார்.

ஒரு கற்பனைச் சைகைக்காக நிஜச் சிறைக்குப் போனவர்களை நினைத்தால் இந்தப் புத்தகத்தைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட மனம் வரவில்லை. அமெரிக்காவிலும் இது சும்மா விடப்படவில்லை. நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த நூல்களின் பட்டியலில், அமெரிக்க நூலகச் சங்கம் 2010-லும் 2011-லும் இந்த வரிசையைச் சேர்த்திருந்தது.

மற்ற கடைசிப் புத்தகங்கள்

ஹங்கர் கேம்ஸுக்குப் பின் கொடுங்காலத்துக் காதல் கதைகள் அலை அலையாக வந்தன. ஆலி காண்டியின் 'மேட்ச்ட்' வரிசையில் யாரை மணக்க வேண்டும் என்பதை அரசே தீர்மானிக்கும். லாரன் ஆலிவரின் 'டெலிரியம்' வரிசையில் காதலே ஒரு நோய், அதற்குச் சிகிச்சை கட்டாயம். வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' வரிசையின் கடைசிப் புத்தகமான 'அலீஜியன்ட்' 2013 அக்டோபரில் வந்தது. அதில் நாயகி ட்ரிஸ் இறந்துபோக, வாசகர்கள் கொந்தளித்தார்கள். படவரிசைக்கும் நல்ல முடிவு வாய்க்கவில்லை. 2016-இல் வந்த மூன்றாவது படம் எடுபடாமல் போக, நான்காவது எடுக்கப்படவே இல்லை. நாயகி சாவதைவிட அவள் உயிரோடு மிஞ்சுவது எழுதக் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. காலின்ஸ் எடுத்துக்கொண்டது அந்தக் கடினமான வேலையை.

குறை சொல்பவர்கள்

'மாக்கிங்ஜே' மேல் சொல்லப்படும் குறைகளில் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபின்னிக்கின் சாவு ஓரிரு பத்தியில் கடந்துவிடுகிறது. முக்கியமான பல கட்டங்களில் காட்னிஸ் மயங்கிக் கிடக்கிறாள், அல்லது மருந்தில் ஆழ்ந்திருக்கிறாள். முடிவு அவசரமாக வருகிறது என்றும் சொல்கிறார்கள். படமாக எடுத்தவர்களோ ஒரே புத்தகத்தை 2014-லும் 2015-லும் இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். அப்படிப் பிரித்ததற்காக இயக்குநர் பிரான்சிஸ் லாரன்ஸே பின்னால் வருந்தினார். ஆனால் புத்தகத்தின் அவசரத்தை நான் வேறு மாதிரி படிக்கிறேன். கதை முழுக்க ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் வாய்மொழி. போரில் இருப்பவருக்குப் போர் முழுசாகத் தெரிவதில்லை. பக்கத்தில் நின்றவர் விழும்போது நின்று அழவும் நேரம் இருப்பதில்லை. அழுகை பிறகு வருகிறது.

அது எப்படி வருகிறது என்று பாருங்கள். காட்னிஸ் சாம்பலான ஊருக்குத் திரும்பி, நாற்காலியை விட்டு எழாமல் நாட்களைக் கழிக்கிறாள். ஒருநாள் ப்ரிம்மின் பூனை தானாக நடந்தே வந்து சேர்கிறது. அந்தப் பூனைக்கும் அவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. ப்ரிம் இங்கே இல்லை, செத்துப்போய்விட்டாள், போ என்று அதைப் பார்த்துக் கத்துகிறாள். அது ப்ரிம்மைத் தேடி ஓலமிடுகிறது. அப்போதுதான் உடைந்து அழுகிறாள். அன்று இரவு பூனை அவள் பக்கத்தில் காவல் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் மடிந்த போரில் நம்மை அழவைப்பது இந்த ஒரு பூனைதான்.

பீட்டாவும் ஊர் திரும்புகிறான். ப்ரிம்மின் பெயரைத் தாங்கிய ப்ரிம்ரோஸ் செடிகளைக் காட்டிலிருந்து தோண்டி வந்து அவள் வீட்டோரம் நடுகிறான். இருவரும் இறந்தவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறார்கள். யார் யாருக்கு என்னென்ன பிடிக்கும், யார் எப்படிச் சிரிப்பார்கள் என்று. அவன் மறுபடி ரொட்டி சுடுகிறான். அவள் மறுபடி வேட்டைக்குப் போகிறாள். நிஜமா பொய்யா விளையாட்டில் அவன் கேட்கும் கடைசிக் கேள்விக்கு அவள் ஒரே சொல்லில் பதில் சொல்கிறாள். குழந்தை வேண்டும் என்று சம்மதிக்க அவளுக்குப் பதினைந்து வருஷம் ஆகிறது. இரவுகளில் இருவருக்கும் இன்னும் கெட்ட கனவு வருகிறது.

கடைசிக் காட்சியில் அவர்கள் பிள்ளைகள் புல்வெளியில் விளையாடுகிறார்கள். பன்னிரண்டாம் மாவட்டத்துச் சடலங்களையெல்லாம் புதைத்த இடம் அது. பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது. ஒருநாள் அவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

என் அக்கா மகளிடம் அன்று ஊஞ்சலில் உட்கார்ந்து பெல்ஜியத்துப் பூ வயலைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அந்த அப்பா பூவை மட்டும் காட்டிட்டு கூட்டிட்டுப் போயிருக்கலாம் இல்ல சித்தி?" என்றாள்.

போயிருக்கலாம். அவர் சொன்னார். மகள் அதைப் பத்திரமாக வைத்திருந்து, முப்பத்தைந்து நாற்பது வருஷம் கழித்து உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னாள். காட்னிஸ் ஜெயித்தாளா என்று என் அக்கா மகள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. புத்தகத்தை எடுத்து அந்தக் கடைசி நாலு பக்கத்தை மறுபடி படிக்க ஆரம்பித்தாள்.